புள்ளி வைத்த மார்க்கும் திருப்பிக் கொடுக்காத நோட்டும்

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு 22 வயது. புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். பி.காம். முடித்து, பாரிமுனையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. ஒரு கட்டுரையை எழுதி முடிக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

2021-ல் பிளஸ் டூ முடித்த பேட்ச் நாங்கள். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் 38 பேர் இருக்கிறோம். ஐந்து வருஷம் ஆகிறதென்று வரும் ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் ஒரு சின்ன ஹால் எடுத்துச் சந்திக்கப்போகிறோம். எங்களுக்கு ரிசல்ட் வந்த தேதி அது. தலைக்கு 500 ரூபாய், எல்லாரும் மாம்பழக் கலர் புடவை. ஒன்பதாவதிலிருந்து நான்தான் கிளாஸ் லீடர், தமிழும் சுமாராக எழுதுவேன். அதனால், "நைன்த்லேர்ந்து டுவெல்த் வரைக்கும் வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுதுடி, அன்னிக்குப் படிக்கலாம்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்று பக்கத்தை ஒரே ராத்திரியில் எழுதிவிட்டேன்.

ஒன்பதாவது, 2017 ஜூன். மூன்றாவது மாடி, 52 பேர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் துறைமுகத்துக் கிரேன் தெரியும். கொருக்குப்பேட்டையிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி வருகிற ஏழு பேர் தினமும் லேட். ஏன் என்று கேட்டால், "கேட் போட்டுட்டாங்க மிஸ்" என்று ஒரே பதில். ஒரு நாள் மிஸ்ஸே லேட்டாக வந்தார்கள். மொத்த கிளாஸும் எழுந்து நின்று, "கேட் போட்டுட்டாங்களா மிஸ்?" என்றது. மிஸ் சிரித்துவிட்டார்கள். அந்த டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். அரையாண்டுப் பரீட்சை எழுதும்போது வெளியே ஆட்டோ மைக் குக்கர் சின்னம் என்று விடாமல் கத்தும். குப்தர் காலம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒருத்தி குக்கர் காலம் என்று எழுதிவிட்டாள்.

பத்தாவதில் சாயங்காலம் ஆறரை வரை ஸ்பெஷல் கிளாஸ். கேட்டுக்கு வெளியே மாங்காய்க் கீற்று, இலந்தை வடை. டி.எச். ரோடு முழுக்க மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தடுப்புக்கும் கடைக்கும் நடுவே ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, கைகோத்து வீட்டுக்குப் போவோம். 2019 ஏப்ரல் 29 ரிசல்ட். எங்கள் செக்‌ஷனில் ஒருத்தியும் ஃபெயில் இல்லை.

பதினொன்றாவதில் காமர்ஸ் குரூப் எடுத்தேன். வேறு செக்‌ஷன் பிள்ளைகளும் சேர்ந்து 46 பேர். அந்த ஜூனில்தான் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். லாரி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, தங்கையைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஈரப் பாவாடையோடு பிரேயருக்கு ஓடி வருவோம். சீன அதிபர் வந்துபோன கையோடு மாமல்லபுரத்துக்கு டூர். எல்லாம் எழுதினேன்.

நான்காவது பக்கத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று தலைப்புப் போட்டேன். அதோடு சரி.

என்ன எழுதுவது மேடம்? கல்வித் தொலைக்காட்சி பார்த்தோம். 2021 ஜனவரி 19 பள்ளி திறந்தார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, சத்து மாத்திரை வாங்கிப் போட்டோம். ஏப்ரலில் கம்ப்யூட்டர் பிராக்டிகல். பதிவு எண்படி பிரித்துப் பிரித்துக் கூப்பிட்டார்கள். நான் முடித்து வெளியே வரும்போது அடுத்த பேட்ச் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கையைத்தான் ஆட்டினோம். அதுதான் கடைசி நாள் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. குரூப் போட்டோ இல்லை, ஃபேர்வெல் இல்லை. ஜூன் 5 பரீட்சையே ரத்து. ஜூலையில் தசமப் புள்ளி வைத்து மார்க் வந்தது, மாநிலம் முழுக்க எல்லாரும் பாஸ். நாலு வருஷமும் தோண்டிக் கிடந்த ரோட்டில் மெட்ரோ ஓட ஆரம்பித்த இரண்டே மாதத்தில் எங்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது.

இப்போது பிளஸ் டூ பிள்ளைகள் புடவை கட்டி ஃபேர்வெல் ரீல்ஸ் போட்டால் எரிச்சலாக வருகிறது. வேலைக்கு இன்டர்வியூ போனபோது ஒருவர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஓ, ஆல் பாஸ் பேட்ச்சா?" என்றார். அது இன்னும் காதில் நிற்கிறது. அம்மாவிடம் சொன்னால், "அப்ப உயிரே போய்க்கிட்டு இருந்துச்சு, நீ பார்ட்டிக்கு அழுவுற" என்கிறார்கள். அதுவும் நியாயம்தானே.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதமே என்று நினைக்கிறேன்.

எனக்குப் பக்கத்தில் உட்காருபவளின் பெயரை இங்கே எழுத வேண்டாம். கிளாசில் அவளை 'டேலி' என்றுதான் கூப்பிடுவோம். அக்கவுண்டன்சியில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முதல் தடவையே அவளுக்கு இரண்டு பக்கமும் டேலி ஆகிவிடும். மிஸ்ஸே தன் விடையை அவள் நோட்டோடு சரிபார்ப்பார்கள். அவள் அப்பா காசிமேட்டில் ஐஸ் இறக்கும் வேலை, அம்மா வீட்டு வேலை.

2020 மார்ச் 26 எங்களுக்குப் பதினொன்றாம் வகுப்பு அக்கவுண்டன்சி பரீட்சை. அதற்கு முந்தின பரீட்சை முடிந்து வெளியே வரும்போது, படித்துவிட்டுத் தருகிறேன் என்று அவள் நோட்டை வாங்கினேன். ஊரடங்கு வந்தது. அந்தப் பரீட்சை நடக்கவே இல்லை. நோட்டு என்னிடமே தங்கிவிட்டது.

ஜூலையில் ஆன்லைன் பாடம் ஆரம்பித்தார்கள். எங்களுக்குப் பக்கத்து ராயபுரம் மண்டலத்தில்தான் ஊரிலேயே அதிகம் பேருக்கு கொரோனா என்று தினமும் நியூஸில் சொல்வார்கள். எங்கள் தெருவில் இரண்டு சாவு. தெரு முனையில் தகரம் அடித்து அப்போதுதான் எடுத்திருந்தார்கள். பாட்டிக்குச் சர்க்கரை. அம்மா யாரையும் வாசல் ஏற விடவில்லை. அப்படி ஒரு சாயங்காலம் டேலி வந்து வாசலில் நின்றாள். துப்பட்டாவையே வாயில் சுற்றியிருந்தாள். "டெய்லி ஒரு அவர் உன் போன்ல பாத்துக்கட்டா? வெளியவே திண்ணைல உக்காந்துக்கறேன்டி" என்றாள்.

நான் கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, "போன் ரிப்பேர்டி. கடை எதுவும் தொறக்கல" என்றேன்.

போன் அப்போது என் கையில்தான் இருந்தது, கதவுக்குப் பின்னால். சொல்லி முடிக்கவில்லை, அது அடித்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, "சரி வுடு, பரவால்ல. நோட்டு நீயே வெச்சுக்க, உனுக்கு யூஸ் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டவில்லை, பெயரை எடுத்துவிட்டார்கள் என்று மிஸ் சொன்னார்கள். இப்போது எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஐந்து வருஷமாக அந்தக் கடைப் பக்கம் போவதில்லை, தீபாவளிக்குக்கூட வேறு எங்காவது எடுத்துக்கொள்கிறேன். குரூப்பில் அவள் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நோட்டு என் பீரோவில் இருக்கிறது. பிரவுன் அட்டை, லேபிளில் அவள் கையெழுத்து. கடைசியில் எழுதியிருப்பது பிழைத் திருத்தக் கணக்கு. அனாமத்துக் கணக்குக்குக் கட்டம் போட்டு, இரண்டு வரி எழுதி, பாதியில் நிற்கிறது.

இப்போது அடிக்கடி ஒரே கனவு வருகிறது. பரீட்சை ஹாலில் எல்லா டெஸ்கிலும் நம்பர் ஒட்டியிருக்கிறது, என் நம்பர் மட்டும் இல்லை. டேலி தன் இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

எனக்கு ஏதாவது மனநோயா மேடம்? நான்காவது பக்கத்தில் என்ன எழுதுவது? அவளைப் பார்க்கப் போகலாமா, இல்லை ஐந்து வருஷம் கழித்துப் போய் அவள் மனதை இன்னும் புண்படுத்துவேனா?

பெயர் வேண்டாம்,
புதுவண்ணாரப்பேட்டை.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள மகளே,

என் பெண்ணைவிட இரண்டு வயது சின்னவள் நீ. 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் அந்தக் கனவைப் பேசிவிடுவோம், நீ பயந்திருப்பது அதற்குத்தான். இது மனநோய் இல்லை. ஹால் டிக்கெட் தொலைந்தது, ஹால் கிடைக்கவில்லை, படிக்காத பாடத்தில் கேள்வி வந்தது என்று பரீட்சைக் கனவு காண்பவர்கள் ஊரில் ஏராளம். பேரன் எடுத்தவர்கள்கூட என்னிடம் வந்து சொல்கிறார்கள். உன் கனவில் பாதி அந்த வகைதான். மீதிப் பாதி டேலி. அதற்கு அப்புறம் வருகிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டே போனாலோ, வேலையில் மனம் ஒட்டாமல், சாப்பாடு பிடிக்காமல் நாள் ஓடினாலோ கடிதத்தோடு நிறுத்தாதே. ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உனக்குக் கூப்பிடு தூரம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போன் செய், தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, அம்மா சொன்னது. உயிர் போய்க்கொண்டிருந்தது உண்மை. அதற்காக உன் இழப்பு பொய்யாகிவிடாது. துக்கத்துக்கு ஊரின் அனுமதி கிடைக்காதபோது அது உள்ளேயே தங்கிவிடும் என்று கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் ஒரு நூலே வெளியிட்டார். இழவு வீட்டில் அழுதால் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஃபேர்வெல் நடக்கவில்லை என்று அழுதால் யார் வருவார்கள்? "அழாதே, இதெல்லாம் ஒரு விஷயமா" என்பார்கள். உன் பேட்ச்சில் எத்தனையோ பிள்ளைகள் இதை இப்படித்தான் விழுங்கினார்கள். 2021 ஜனவரியில் பள்ளி திறந்தபோது பிள்ளைகளோடு பேச வடசென்னையில் நாலைந்து பள்ளிகளுக்குப் போனேன். பாதி முகம் மாஸ்க்கில். என்ன கஷ்டம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மிஸ்" என்பார்கள். கண் மட்டும் வேறு சொல்லும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வளர்ந்தவள் நான். மாசியில் தேர் புறப்பட்டால் மழையோ வெயிலோ, அது நிலைக்கு வந்து சேரும்வரை பெரியவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். உங்கள் தேர் நாலு வீதியில் மூன்று வீதி சுற்றி வந்தது, கடைசி வீதியில் நின்றுவிட்டது. டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர் இதை வேறு விதமாகச் சொன்னார். நடந்து முடிந்த ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது மனம் எல்லா நிமிஷத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதில் உச்சமாக இருந்த கணத்தையும், முடிந்த விதத்தையும் வைத்துத்தான் மொத்தத்துக்கும் மார்க் போடுகிறது. உனக்கு முடிவு என்று ஒன்று இல்லை. அதனால் குக்கர் காலமும் கேட் போட்ட கதையும் நினைக்க நினைக்க இனித்தாலும், கடைசியில் தொண்டையில் ஏதோ நிற்கிறது.

ஆல் பாஸ் என்று கேலி பேசியவருக்கு நீ அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன். அந்தப் புள்ளி வைத்த மார்க்கைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. அதில் 50 விழுக்காடு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து வந்தது, நீ ஆறரை மணி வரை ஸ்பெஷல் கிளாசில் உட்கார்ந்து, தோண்டிய ரோட்டில் கைகோத்து வீட்டுக்குப் போய் வாங்கியது. 20 விழுக்காடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தண்ணீர் லாரிக்கு ஓடிய வருஷம். மீதி 30 தான் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு. ஆக, நீ எழுதிய மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் அந்த மார்க் ஷீட்டில் இருக்கிறது. அதற்குத் தலைகுனிய உனக்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, டேலிக்கு வருவோம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பள்ளி முடிந்த விதம்தான் உன் பிரச்சினை என்றுதான் முதல் பாதி சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபேர்வெல் நடந்திருந்தாலும், புடவை கட்டி நூறு போட்டோ எடுத்திருந்தாலும், அந்த நான்காவது பக்கம் உனக்கு வந்திருக்காது. அந்த வருஷத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வாசலில் துப்பட்டா சுற்றிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவளைத் தாண்டி உன் பேனா போக மறுக்கிறது. அது உன் மனதின் கோளாறு இல்லையம்மா. நல்ல மனசு அப்படித்தான் செய்யும்.

எது உன்னுடையது, எது உன்னுடையது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் வைத்திருந்த குடும்பங்களிடம் பாடத்தையே போனில் அனுப்பியது உன் குற்றம் இல்லை. காசிமேட்டில் வேலை நின்றது, அவள் அம்மாவை வேலை செய்த வீடுகளில் வர வேண்டாம் என்றது, நீ செய்தது இல்லை. அவள் படிப்பு நின்றது ஒரு மணி நேர போனால் மட்டும் நின்றிருக்காது. உன் அம்மா பயந்ததும் தப்பு இல்லை, பாட்டியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்கள்? இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். "அம்மா பயப்படறாங்கடி" என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம், பொய் சொன்னாய். அது பொய் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தச் சின்னப் பங்கு உன்னுடையது. அதை நான் இல்லை என்று சொல்லித் தேற்றினால் நீ நம்ப மாட்டாய், எனக்கும் அது சரியில்லை. ஆனால் ஐந்து வருஷமாக நீ சுமப்பது அந்தச் சின்னப் பங்கை இல்லை, மொத்த மூட்டையை.

நீ கணக்குப் படித்தவள், உனக்கே தெரியும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பார்கள். பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தினால் அந்தக் கணக்கு தானாகவே முடிந்துவிடும். பிழை என்னவென்று தெரிந்தும் திருத்தாமல் நீ அதை அனாமத்திலேயே வைத்திருக்கிறாய். அதனால், போகலாமா என்று கேட்டாயே, போ.

எப்படிப் போவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கடைக்குள் போகாதே. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள் அவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்ததே 2021-ல்தான், நீங்கள் பள்ளி முடித்த அதே வருஷம். நீ வாடிக்கையாளராகப் போய் நின்றால் அவள் உனக்குப் புடவை விரித்துக் காட்ட வேண்டியிருக்கும், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிலைமையில் அவளை வைக்காதே. பழைய பிள்ளைகள் யாரிடமாவது அவள் நம்பர் இருக்கும். "உன் நோட்டு என்கிட்ட இருக்கு, குடுக்கணும், எப்ப வரட்டும்?" என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பு. நீளமாக எழுதாதே. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை அனுப்பு. அதற்கும் வராவிட்டால் நோட்டை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வா. பார்க்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

பார்க்கிறேன் என்று சொன்னால், ஆடி பிறப்பதற்குள் போய்விடு. இந்த வருஷம் ஜூலை 17-ல் ஆடி பிறக்கிறது. தள்ளுபடி ஆரம்பித்தால் எம்.சி. ரோட்டில் அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அவள் வார விடுமுறை நாளைக் கேட்டுக்கொள். தனியாகப் போ, குரூப்பில் இருந்து யாரையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போகாதே. ஸ்வீட் பாக்ஸ், புதுப் புடவை ஒன்றும் வேண்டாம், நோட்டு மட்டும்.

பேச வேண்டியது இரண்டே வாக்கியம்: "அன்னிக்குப் போன் ரிப்பேர் இல்லடி. நான் பொய் சொன்னேன்." அம்மா, பாட்டி, தகரம் எதையும் உடனே சேர்க்காதே. காரணம் சேர்த்தவுடன் அது மன்னிப்பு இல்லாமல் வாதமாகிவிடும். சொல்லிவிட்டுச் சும்மா இரு. அவள் கோபப்படலாம். "அட, அதையா இன்னும் நெனச்சுக்கினு இருக்க?" என்று சிரிக்கலாம். மறந்தே போயிருக்கலாம், அதற்கும் தயாராக இரு, சில பேருக்கு அதுதான் தாங்காது. எது வந்தாலும் "என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்காதே. உன்னைத் தேற்றும் வேலையை அவள் தலையில் கட்டக் கூடாது.

படிப்பைப் பற்றி நீயாக ஆரம்பிக்க வேண்டாம். அவளே பேச்சை எடுத்தால் மட்டும் சொல்: பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள். அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட ஒரு பி.காம். ஆள் இருக்கிறாள் என்பதையும் அப்போது சொல்லலாம். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடு.

இப்போது உன் கட்டுரை. நீயே எழுதிய எண்களை மறுபடி பார். பதினொன்றாவதில் 46 பேர் என்கிறாய். குரூப்பில் 38 பேர். டேலி ஒருத்தி மட்டும்தானா இல்லை? இன்னும் ஏழு பேர் எங்கே? நாலு வருஷம் அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்த லீடர் நீ. கண்ணை மூடினால் பெயர் வரிசையாக வரும். ஒரு தாளில் 46 பெயரையும் எழுது. யார் யார் பெயரில் கை நிற்கிறது என்று பார். கல்யாணம் ஆகிப் போனவள், வீடு காலி பண்ணிக் கண்ணகி நகர் பக்கம் போனவள், நம்பர் மாறியவள் என்று ஆளுக்கு ஒரு கதை இருக்கும். ஜூலை 19-க்குள் அவர்களைத் தேடுங்கள், உன்னோடு இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போதும்.

அப்புறம், அந்தத் தேதியைக் குரூப்பில் மறுபடி பேசு. ரிசல்ட் வந்த நாள் என்று ஆசையாக வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஆடி தள்ளுபடி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையில் யாருக்கு லீவு கிடைக்கும்? 500 ரூபாயும் ஒரே கலர் புடவையும் 38 பேருக்குச் சரியாக இருக்கலாம். மீதி எட்டுப் பேரில் சிலர் அதைக் கேட்டதுமே வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கதவுக்கு வெளியே ஒருத்தியை நிறுத்தியது உனக்கு ஐந்து வருஷமாக வலிக்கிறது. இந்தத் தடவை கதவு முழுசாகத் திறந்திருக்கட்டுமே.

நான்காவது பக்கத்தை நீ ஒருத்தியாக எழுத முடியாது. அந்த வருஷம் நீங்கள் ஒரே வகுப்பில் இல்லை, 46 வீட்டில் இருந்தீர்கள். ஆளுக்கு நாலு வரி கேட்டு வாங்கு. 2020 ஜூலையில் எங்கே இருந்தாய், வீட்டில் யார் யார், பாடத்தை எதில் பார்த்தாய் என்று மட்டும் கேள். ஒருத்தி மொட்டை மாடியில் சிக்னல் தேடியிருப்பாள். ஒருத்தி கபசுரக் குடிநீர் காய்ச்சியே சலித்துப்போயிருப்பாள். ஒருத்தி அப்பாவை இழந்திருப்பாள், இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாள். அதை வாங்கித் தைத்து வைப்பதுதான் உன் வேலை. டேலியிடமும் கேள், உடனே வேண்டாம், நோட்டைக் கொடுத்து நாலு நாள் போகட்டும். உன் நாலு வரியில் வாசலும் போனும் வரலாமா கூடாதா என்பதை அவளிடம் கேட்டு முடிவு செய். அவள் வேண்டாம் என்றால் அந்த வரி உங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நோட்டுக்குப் புது அட்டை போட்டு, லேபிள் மாற்றி அழகுபடுத்தத் தோன்றும். செய்யாதே. அந்தப் பிரவுன் அட்டையோடு, மூலை மடங்கியிருந்தால் மடங்கினபடியே கொண்டு போ. பாதியில் நிற்கிற கணக்கை நீ போட்டு முடித்துவிடாதே, அது அவள் கணக்கு.

போய்விட்டு வந்து எழுது. காத்திருக்கிறேன்.